சான்றிதழ் இல்லாத கறி மாஸ்டர் பெரிய ஓட்டலுக்குப் போக என்ன வழி?

கேள்வி: என் தம்பிக்கு வயது 27. பத்தாம் வகுப்பு பாஸ். கடலூர் முதுநகரில் ஒரு அசைவ ஓட்டலில் ஹெல்பராகச் சேர்ந்து இப்போது கறி மாஸ்டராக இருக்கிறான். ஏழு வருட அனுபவம், கையில் ஒரு சான்றிதழும் இல்லை. புதுச்சேரியில் நட்சத்திர ஓட்டலில் கேட்டால் "சர்டிபிகேட் இருக்கா, ட்ரேட் டெஸ்ட் வர்றியா" என்கிறார்கள். கேட்டரிங் காலேஜில் சேர்க்க வேண்டுமா? பின்னால் வெளிநாடு போகவும் ஆசை.

பதில்:

மூன்று வருடப் பட்டப்படிப்பு உங்கள் தம்பிக்கு வேண்டாம். அது பிளஸ் டூ முடித்த கையோடு வருகிற பிள்ளைகளுக்கு. பத்தாவதை வைத்து அதில் சேரவும் முடியாது. அவருக்கு வேண்டியது இரண்டு. தெரிந்த வேலைக்கு ஒரு அங்கீகாரம், தெரியாத மீதிக்கு முறையான பயிற்சி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, கண்ணில் பட்ட தனியார் நிலையத்தில் பெரிய தொகை கட்டி ஒரு 'டிப்ளமோ' வாங்கி வருவதுதான் நம் பக்கம் அதிகம் நடக்கிறது. பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: சான்றிதழில் யாருடைய முத்திரை இருக்கும்? அந்த நிலையத்தின் சொந்த முத்திரை மட்டும்தான் என்றால், அந்தக் காகிதத்துக்கு வெளியூரில் மதிப்பு மிகக் குறைவு.

மதிப்புள்ள முத்திரைகள் எவை? முதலாவது, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1982 முதல் இயங்கும் தேசிய ஓட்டல் மேலாண்மை கவுன்சில். பட்டப்படிப்பு மட்டும்தான் அங்கே என்று பலர் நினைக்கிறார்கள். பத்தாவது முடித்தவர்களுக்கு 'கிராஃப்ட்ஸ்மேன்ஷிப் இன் ஃபுட் புரொடக்‌ஷன்' என்ற ஒன்றரை வருடப் படிப்பு இருக்கிறது. அதில் கடைசி ஆறு மாதம் போல ஓட்டலில் நேரடி வேலை. சென்னை தரமணி, திருச்சி துவாக்குடி, புதுச்சேரி முருங்கப்பாக்கம் ஆகிய இடங்களில் உள்ள அரசுக் கல்லூரிகள் இந்தக் கவுன்சிலைச் சேர்ந்தவை. எந்த வளாகத்தில் எந்தப் படிப்பு இந்த வருடம் நடக்கிறது என்பதை மே, ஜூன் மாதத்தில் நேரில் போய்க் கேளுங்கள். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் வகுப்பாக இருந்தால் முதலில் தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) அலுவலகத்துக்குப் போங்கள். தரமணியில் இதே படிப்புகளுக்குக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாவது, ஐடிஐயில் 'ஃபுட் புரொடக்‌ஷன் ஜெனரல்' என்ற ஒரு வருடத் தொழிற்பிரிவு. பத்தாவது போதும். முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அது அரசு ஆவணம் என்பதால் தூதரகம், கப்பல் கம்பெனி என்று எங்கே காட்டினாலும் சந்தேகம் கிளப்பாது.

மூன்றாவதுதான் உங்கள் தம்பிக்கு உடனடியாகப் பொருந்துவது: ஆர்பிஎல் என்று சொல்லப்படும் முன்கற்றல் அங்கீகாரம். ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சில நாள் தயார்ப்படுத்தி, வாய்மொழியாகவும் செய்முறையாகவும் சோதித்து, தேர்ந்தால் சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் திறன் கவுன்சிலின் சான்றிதழ் தருவார்கள். 2013ல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் அது எந்த நிலை என்பதும் அதிலேயே அச்சாகியிருக்கும். வேலையை விட வேண்டியதில்லை, சம்பளம் நிற்காது. ஒன்றரை வருடம் அவர் வருமானம் இல்லாமல் வீடு ஓடும் என்றால் கிராஃப்ட் படிப்பையே சொல்வேன். ஓடாது என்றால் ஆர்பிஎல் எடுத்துவிட்டு, கீழே சொல்லப்போகும் பயிற்சியை வீட்டிலும் கடையிலும் செய்யச் சொல்லுங்கள்.

ஆர்பிஎல் சோதனையில் நல்ல மாஸ்டர்கள் தடுக்கி விழும் இடம் அடுப்பு அல்ல. தொழில்தரம் என்று எழுதி வைத்திருப்பதில் சமையல் ஒரு பங்குதான். வெட்டுப்பலகை நிறங்கள் (பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, பச்சை மீனுக்கு நீலம், வெந்த இறைச்சிக்கு மஞ்சள், சாலட் காய்க்குப் பச்சை, கிழங்குக்குப் பழுப்பு, பால் பொருளுக்கும் ரொட்டிக்கும் வெள்ளை), ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குள், ஃபிரீசர் மைனஸ் 18, சூடாக வைத்துப் பரிமாறுவது 60 டிகிரிக்கு மேல், கடாய் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் கேஸை அடைத்து மூடியால் மூடுவது. இவையெல்லாம் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும்.

இதோடு உணவுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் எடுத்துவிடட்டும். ஃபோஸ்டாக் என்று பெயர். ஒரே நாளில் முடியும். 25 பணியாளருக்கு ஒருவராவது இந்தப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எதிர்பார்க்கிறது. அதனால் அதை வைத்திருப்பவரை எடுப்பது ஓட்டலுக்கும் லாபம். வருடாந்திர மருத்துவப் பரிசோதனை, டைஃபாய்டு தடுப்பூசிச் சீட்டுகளையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

இனி ட்ரேட் டெஸ்ட், அதாவது ஓட்டல் கிச்சனில் செய்து காட்டச் சொல்லும் சோதனை. புதுச்சேரி ஓட்டல்களில் கான்டினென்டல், சைனீஸ், தந்தூர், தென்னிந்தியம், பேக்கரி, குளிர் உணவுக்கான கார்மாஞ்சே என்று கிச்சன் பிரிந்திருக்கும். பதவிகள் கமி (இளநிலைச் சமையல்காரர்) மூன்று, இரண்டு, ஒன்று, பிறகு டெமி, சிடிபி (ஒரு பிரிவுக்குப் பொறுப்பானவர்), சூ செஃப் (தலைமை செஃபுக்கு அடுத்தவர்) என்று ஏறும். ஏழு வருடக் கறி மாஸ்டரைக் கமி ஒன்று அல்லது இரண்டில்தான் எடுக்கப் பார்ப்பார்கள். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறையவும் கூடும். பிரிவு மாற்றி மாற்றி வேலை தருவார்கள் என்றால் ஒரு வருடம் பொறுத்துக்கொள்வது நல்லது. வந்த நாள் முதல் பரோட்டாக் கல்லிலோ தந்தூரிலோ மட்டும் நிறுத்திவிடுவார்கள் என்று தெரிந்தால் போக வேண்டாம்.

டெஸ்டில் ருசியைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். பத்துத் தடவை செய்தால் பத்தும் ஒரே மாதிரி வருகிறதா, மேசை சுத்தமாக இருக்கிறதா, எவ்வளவு வீணாகிறது என்பதுதான் முதலில். நம் ஊர் மாஸ்டர்களிடம் கைப்பக்குவம் நிறைய இருக்கிறது. அளவும் வெப்பமும் எழுத்தில் இல்லை என்பதுதான் குறை. பயிற்சி என்பது பெரும்பாலும் அந்தக் குறையை நிரப்புவதே.

கத்தியிலிருந்து தொடங்கலாம். எட்டு அங்குல செஃப் கத்தி, தீட்ட ஒரு சாணைக்கல். வெட்டுகளுக்குப் பிரெஞ்சுப் பெயர் இருக்கும், அளவு மில்லிமீட்டரில் கேட்பார்கள். ஜூலியன் என்றால் 3 மி.மீ. தடிமனில் 5 முதல் 6 செ.மீ. நீளக் குச்சி. அதையே திருப்பி வெட்டினால் 3 மி.மீ. கட்டம், அது ப்ரூனாய். பாட்டோனே 6 மி.மீ. தடிமன், அதை வெட்டினால் சின்ன டைஸ், அதாவது கட்டத் துண்டு. நடுத்தர டைஸ் 12 மி.மீ., பெரியது 20 மி.மீ. முதலில் உருளைக்கிழங்கு, பிறகு கேரட். கேரட்டின் உருண்டைப் பக்கத்தைச் சீவித் தட்டையாக்காமல் வெட்டத் தொடங்கினால் அது உருளும், அளவு மாறும், விரலும் வெட்டுப்படும். சீவியதைத் தூக்கிப் போடாமல் ஸ்டாக்குக்கு (எலும்பு, காய் வேகவைத்து வடிக்கும் சாறு) ஒதுக்க வேண்டும். அதையும் பார்ப்பார்கள். வேகம் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து, சீர் வரும்வரை வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அளவு மாறினால் சின்னத் துண்டு கரைந்துபோகும், பெரிய துண்டு நடுவில் பச்சையாக நிற்கும்.

அடுத்தது ஆம்லெட். கான்டினென்டல் டெஸ்ட் என்றால் இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, 10 முதல் 15 கிராம் வெண்ணெய், 20 செ.மீ. ஒட்டாத வாணலி. முட்டையை வெள்ளைக்கரு கோடு தெரியாத வரை அடிக்க வேண்டும், நுரைக்க விடக்கூடாது. வெண்ணெய் உருகி நுரை அடங்கும் நேரத்தில், நிறம் மாறும் முன், முட்டையை ஊற்ற வேண்டும். உடனே ஒரு கையால் வாணலியை ஆட்டி, மறு கையால் மரக்கரண்டியில் வேகமாகக் கலக்க வேண்டும். சின்னச் சின்னத் திரளாக, இன்னும் ஈரமாக இருக்கும்போதே கலக்குவதை நிறுத்தி, அடியை ஒரு சில விநாடி பிடிக்க விட்டு, வாணலியைச் சாய்த்துச் சுருட்டித் தட்டில் கவிழ்க்க வேண்டும். மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்குள். வெளியே ஒரு பழுப்புப் புள்ளிகூட இருக்கக்கூடாது, உள்ளே இளக்கமாக இருக்க வேண்டும். நம் கை பழகியது முறுகலான கரை. வாணலியை அந்தச் சூட்டுக்கு ஏற்றிவிட்டால் முட்டை ஊற்றிய கணத்திலேயே நிறம் ஏறிவிடும், பிறகு திருத்த முடியாது. ஒரு தட்டு முட்டை வாங்கி இதை மட்டும் பழகினாலே வெப்பத்தைக் கையாளும் கை மாறிவிடும்.

வெள்ளை சாஸ் கேட்டால்: அரை லிட்டர் பாலுக்கு 35 கிராம் வெண்ணெய், 35 கிராம் மைதா. வெண்ணெயில் மைதாவை இரண்டு மூன்று நிமிடம் நிறம் மாறாமல் வதக்கி, இறக்கி ஆறவிட்டு, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். கொதிக்கும் மாவில் கொதிக்கும் பாலை ஒரே மூச்சில் ஊற்றினால் கட்டி தட்டும். மாவுருண்டையின் வெளிப்புறம் சட்டென வெந்து பசையாகி, உள்ளே ஈரம் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்வதுதான் காரணம். கெட்டியானதும் இறக்கிவிடுவது இன்னொரு தப்பு. சிறு தீயில் பதினைந்து, இருபது நிமிடம் வைத்தால்தான் பச்சை மாவு வாசம் போகும்.

மீன் விஷயத்தில் கடலூர்க்காரருக்கு ஒரு மேன்மை இருக்கிறது, புது மீனைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். ஆனால் துறைமுகத்திலும் மார்க்கெட்டிலும் அரிவாள்மனையில் குறுக்காக, முள்ளோடு துண்டு போடுவதுதான் பழக்கம். ஓட்டலில் ஃபில்லே, அதாவது முள் இல்லாத முழுப் பக்கச் சதை, எடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் கொடுவா தருவார்கள். செதில் எடுத்து, குடல் நீக்கி, கழுவித் துடைத்துவிட்டு (ஈர மீன் வழுக்கும்), செவுளுக்கும் பக்கத் துடுப்புக்கும் பின்னால் சாய்வாக நடுமுள் தட்டும் வரை ஒரு வெட்டு. பிறகு முதுகுத் துடுப்பை ஒட்டித் தலையிலிருந்து வால் வரை, மெல்லிய கத்தியை முள்ளின் மேல் படுக்க வைத்து நீளமாக இழுக்க வேண்டும். கத்தி முள்ளில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் சரியான பாதை. ரம்பம் போல முன்னும் பின்னும் அறுத்தால் சதை பிய்ந்து முள்ளோடு நிற்கும். பக்கமுள்ளைத் தாண்டியதும் ஃபில்லே தனியாக வரும். தோல் கீழே இருக்கும்படி வைத்து, வால் முனையைப் பிடித்துத் தோலை நீக்கி, கடைசியில் விரலால் தடவி நடுவரிசைச் சிறுமுட்களை இடுக்கியால் எடுக்க வேண்டும்.

இங்கேதான் கணக்கு வருகிறது, சிடிபி ஆவதற்கு இது இல்லாமல் முடியாது. கொடுவா கிலோ 600 ரூபாய், முழு மீனில் 45 சதவீதம் ஃபில்லே தேறுகிறது என்று வையுங்கள். ஃபில்லேயின் உண்மை விலை 600ஐ 0.45ஆல் வகுத்தால் கிலோ 1,333 ரூபாய். 160 கிராம் பங்குக்கு மீன் செலவு மட்டும் 213 ரூபாய். முழு மீன் விலையிலேயே கணக்குப் போட்டால் 96 ரூபாய் என்று வரும். அந்த நம்பிக்கையில் மெனு விலை போடும் கடை ஒவ்வொரு தட்டிலும் நஷ்டப்படும். மட்டன், இறால், கீரை எதுவானாலும் வாங்கிய எடை, சுத்தம் செய்த எடை, வெந்த எடை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். இப்போதைய கடையிலேயே இதைச் செய்யலாம். மிஞ்சும் தலையும் முள்ளும் ஸ்டாக்குக்கு. பச்சைத் தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, நுரை எடுத்து அரை மணிக்குள் இறக்க வேண்டும். மீன் ஸ்டாக் அதற்கு மேல் நின்றால் கசக்கும். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு கலந்து கலங்கிப்போகும். கானாங்கெளுத்தி, மத்தி போன்ற எண்ணெய் மீன்களின் முள் இதற்கு ஆகாது.

அந்த மீன்களைப் பற்றி இன்னொன்று. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். பலர் இதை மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சரக்கு வாங்கும்போதே வெப்பமானி குத்திப் பார்க்கும் பழக்கம் பெரிய ஓட்டலில் இருப்பதற்கு இது ஒரு காரணம். குத்தும் வெப்பமானி ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும். ஐஸ் தண்ணீரில் 0, கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

அசைவம் வெந்ததற்கு அளவு: நடுப்பகுதி 75 டிகிரியை 15 விநாடி தொட வேண்டும், அல்லது 70ல் 2 நிமிடம் நிற்க வேண்டும். சூடாக்குவதைவிட ஆறவைப்பதில்தான் நம் கிச்சன்களில் ஆபத்து அதிகம். இரவு மிஞ்சிய கிரேவியை அண்டாவோடு ஃபிரிட்ஜில் தள்ளுகிறார்கள். நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமி பெருக அதைவிட வசதியான இடம் இல்லை. சுற்றியுள்ள மற்ற பொருளும் சூடாகும். 60லிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதிகளின் கணக்கு. இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான ட்ரேக்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் தண்ணீர் மேல் வைத்துக் கிளறினால் இது நடக்கும். சோற்றுக்கு இன்னும் கவனம் தேவை. வேகவைத்தாலும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் வித்துகள் அரிசியில் உண்டு. சாதம் வெளியில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு விடும். ஃப்ரைடு ரைஸுக்காகக் காலையில் வடித்த சாதத்தை மாலைவரை கூடையில் வைக்கும் பழக்கத்தை அவர் விட்டாக வேண்டும். மறுபடி பொரிக்கும் சூட்டில் அந்த நஞ்சு போகாது.

தம்பிக்குத் தெரிந்த கறிகளையே அட்டையில் எழுதப் பழகட்டும். பெயர், மொத்தம் எத்தனை கிலோ வரும், ஒரு பங்கு எத்தனை கிராம், பொருள்கள் போடும் வரிசையில் கிராம் கணக்கில், ஒவ்வொரு கட்டமும் எத்தனை நிமிடம். உப்பு மொத்த எடையில் சுமார் 1 சதவீதம் என்று தொடங்கி ருசி பார்த்துத் திருத்தலாம். முந்திரி, கடலை, பால், கோதுமை, இறால் சேர்ந்தால் அதையும் குறிக்க வேண்டும். ஒவ்வாமை இருக்கிறது என்று விருந்தினர் கேட்டால் கிச்சன் பதில் சொல்லியாக வேண்டும்.

பத்துப் பேர் அளவை நூறு பேருக்கு ஏற்றச் சொல்லியும் கேட்பார்கள். கறியும் உப்பும் பத்து மடங்கு. தண்ணீர் அப்படி இல்லை. பெரிய அண்டாவில் குழம்பின் அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு, ஆவியாவதும் குறைவு. 2 லிட்டர் என்பது 20 ஆகாமல் 16ல் தொடங்கி, தேவைப்பட்டால் ஊற்ற வேண்டும். எண்ணெயும் பத்து மடங்கு வேண்டாம். கிராம்பு, பட்டை, மிளகாயைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துக் கடைசியில் சேர்க்கலாம். வெங்காயம்தான் சறுக்கும் இடம். பத்து கிலோவை ஒரே அண்டாவில் கொட்டினால் தண்ணீர் விட்டு வேகுமே தவிர வதங்காது, நிறம் வராது, குழம்பு முழுக்க அந்தப் பச்சை இனிப்பு நிற்கும். இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வதக்குவதுதான் வழி.

வெளிநாட்டுக்கு வருவோம். சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போக 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், முறையான பயிற்சித் தகுதியும் வேண்டும். அந்தப் பயிற்சியில் சமையலோடு சுகாதாரம், சேமிப்பு, சரக்குக் கணக்கு எல்லாம் அடக்கம். பயணக் கப்பலுக்கு எஸ்டிசிடபிள்யூ என்ற கப்பல் பணியாளருக்கான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி தனியாக எடுக்க வேண்டும். கனடாவில் 'ரெட் சீல்' என்ற தொழில்முத்திரை சமையல்காரருக்கும் உண்டு. தேர்வில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். அங்கே படிக்காதவர் நேரடியாக எழுத விரும்பினால், எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்பதற்கு எழுத்துச் சான்று கேட்பார்கள். பிரான்சில் உறவினர் உள்ள புதுச்சேரிக் குடும்பங்கள் கேட்பது 'சிஏபி குசீன்'. அது இரண்டு வருட அடிப்படைத் தொழிற்சான்று, பிரெஞ்சு மொழி இல்லாமல் அதைத் தொட வேண்டாம். வளைகுடாவுக்கு என்றால் பத்தாவது பாஸ் என்பதால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதிச் சிக்கல் வராது. ஏஜெண்டுக்கு அரசுப் பதிவு எண் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான்.

இதில் எந்த வழியில் போனாலும் முதலில் கேட்பது அனுபவச் சான்று. "நன்கு வேலை செய்தார்" என்ற இரண்டு வரிக் கடிதம் போதாது. கடையின் லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, ஹெல்பராக எதுவரை, மாஸ்டராக எப்போதிருந்து, எந்தப் பிரிவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, கையெழுத்துப் போட்டவரின் பதவியும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். பிஎஃப் அல்லது இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் அந்தப் பதிவே வலுவான சாட்சி, பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைப் போட்டுப் பாஸ்புக்கை இறக்கி வைக்கலாம். அதெல்லாம் இல்லாத கடை என்றால், சம்பளத்தை இந்த மாதம் முதல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேட்கட்டும். கடிதத்தை வேலையை விடும் நாளில் கேட்காமல், முதலாளியோடு நல்ல உறவு இருக்கும் இப்போதே வாங்கிவிடுவது நல்லது.